பட்டமா கதை எழுதுகிறது?

"அறிவியல் படித்தவர்தான் அறிவியல் புனைகதை எழுத வேண்டும்." தமிழில் இந்த வகைக் கதையைத் தொட்ட எவரும் இந்த அறிவுரையிலிருந்து தப்பியதில்லை. இலக்கியக் கூட்டங்களிலும் எழுத்துப் பட்டறைகளிலும் பல ஆண்டுகளாக இதுவே ஓதப்படுகிறது. பி.ஏ. தமிழும் வணிகவியலும் படித்த எத்தனையோ இளைஞர்களின் முதல் கதையை எழுதும் முன்பே கொன்றுவிட்ட வாக்கியம் இது.

முதல் சான்றாக சுஜாதாவை நிறுத்துகிறார்கள். அவர் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர், அதனால்தான் 'என் இனிய இயந்திரா' என்ற அறிவியல் புனைகதை பிறந்தது என்கிறார்கள். அப்படியானால் 1857 கிளர்ச்சியைப் பற்றிய 'ரத்தம் ஒரே நிறம்' எந்தப் பட்டத்தில் பிறந்தது? அவர் பொறியியல் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலிருந்து வந்த எல்லோரும் சுஜாதா ஆகிவிடவில்லையே.

அடுத்து அவர்கள் காட்டும் சான்று ஆங்கில அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க். கணிதத்திலும் இயற்பியலிலும் அவர் பட்டம் வாங்கியது 1948இல். செயற்கைக்கோள் வழித் தொலைத்தொடர்பு பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளியானது 1945இல். 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதை இதழ் அவர் கதைகளை வெளியிட்டது 1946இல். எழுத்து முந்தியது, பட்டம் பிந்தியது.

பட்டம் இருந்தால் பிழை வராது என்பது மூன்றாவது வாதம். கணிதப் பட்டதாரியான லாரி நிவெனின் 'ரிங்வேர்ல்ட்' (1970) நாவலின் முதல் பதிப்பில் பூமியே எதிர்த்திசையில் சுற்றியது.

படிக்காதவருக்கு ஆழம் வராது என்பதுதான் இருப்பதிலேயே கொடுமையான வாதம். அதற்குப் பதில் ஆக்டேவியா பட்லர். அமெரிக்காவின் பாசடீனாவில் வீட்டுவேலை செய்த கறுப்பினத் தாயின் மகள். படித்தது அங்கேயே இருந்த ஈராண்டுக் கல்லூரியில். பாத்திரம் கழுவினார், உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலையில் தரம் பார்த்தார். அதிகாலை 2 மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போனார். 1970இல் கிளாரியன் என்ற அறிவியல் புனைகதை எழுத்துப் பட்டறையில் சேர்ந்து முதல் கதைகளை விற்றார். பிறகு 5 ஆண்டுகள் எதுவும் விற்கவில்லை. 1976இல் முதல் நாவல் வந்தது.

அவருக்கு ஆய்வகம் கிடையாது, நூலகம் இருந்தது. புத்தகம் போதாதபோது நேரில் போனார். அடிமை முறை பற்றிய 'கிண்ட்ரெட்' நாவலுக்காக மேரிலாந்துக்குப் பேருந்தில் பயணம் செய்தார். அமேசான் காட்டுக்குப் போகவிருந்தபோது, மனிதத் தோலுக்கடியில் புழுவாக வளரும் ஓர் ஈயைப் பற்றிப் படித்து நடுங்கினார். அந்த அச்சமே அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா விருதுகளை வென்ற 'பிளட்சைல்ட்' (1984) கதையாயிற்று. வேற்றுக்கோள் உயிரியின் முட்டைகளைத் தன் உடலில் சுமக்கும் ஆண்பிள்ளையின் கதை அது. உயிரியல் பட்டம் இல்லாதவர் உயிரியலை இப்படி எழுதினார். 1995இல் மெக்ஆர்தர் நல்கை பெற்ற முதல் அறிவியல் புனைகதையாளர் அவரே. ஆழம் கேட்பவர்கள் முதலில் அவரைப் படிக்கட்டும்.

பட்டமில்லாதவரைப் பதிப்பாளர் சீந்தமாட்டார் என்பது கடைசி வாதம். பட்டப்படிப்பை முடிக்காத பத்திரிகையாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியது உண்மைதான். ஆனால் கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்போன சில்டன் நிறுவனம் அதை 1965இல் வெளியிட்டது. ஹியூகோ விருதும், நாவலுக்கான முதல் நெபுலா விருதும் அதைத் தேடி வந்தன. எழுத வருபவர் தெரியாததைத் தேடிப் படிக்கட்டும், தெரிந்தவரிடம் கேட்கட்டும், கதையை முடித்து அனுப்பட்டும்; திரும்பி வந்தால் அடுத்த இதழுக்கு அனுப்பட்டும்.