உயர்த்த வேண்டியது ஜீப்பையா, பாதையையா?

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியில் எனக்குப் பழக்கமான கராஜ் ஒன்றுண்டு. சென்ற மாதம் எனது காரின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி அங்கு போயிருந்தபோது, ஒரு பழைய லேண்ட் ரோவர் நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டு மரக்கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. 1970-களில் செய்யப்பட்ட சீரிஸ் த்ரீ ரகம். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டிய வண்டி. பல கைகள் மாறி இப்போது மடுல்சீமைப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் மரக்கறி மூட்டைகள், வார இறுதியில் உல்லாசப் பயணிகள், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்கள் என்று ஒரு தோட்டத்தின் பாதிச் சுமையை அந்த ஒரு வண்டிதான் இழுக்கிறது.

அதை நான்கு அங்குலம் உயர்த்துகிறார்களாம். செலவுக்கு மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கிறது.

"என்ன தம்பி, இது அவசியந்தானா?" என்று கேட்டேன்.

"இப்ப எல்லாரும் தூக்கித்தான் சேர் ஓடுறாங்க. தூக்காட்டி டூரிஸ்ட் ஹயருக்குக் கூப்பிட மாட்டாங்க. ரோட்டும் அப்படித்தானே கெடக்கு" என்றார்.

இந்தப் பதிலில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று பொய், மற்றது உண்மை. பொய்யை விற்பவர்களைப் பற்றியும், உண்மையை மறைப்பவர்களைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பொறியியல் படித்தவன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆனால் முப்பது ஆண்டுகளாகச் செய்தி தேடி நமுனுகுல, பூனாகலை, லுணுகலை, தம்பேதென்ன என்று இத்தகைய வண்டிகளின் பின்னாசனத்தில் முதுகெலும்பைத் தேய்த்தவன். கராஜ்களில் நல்ல பாஸ்மார் சொல்லக் கேட்டவற்றையே இங்கே சொல்கிறேன்.

முதலாவது உண்மை: ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல்தான் உயர்கிறது, அச்சு உயர்வதில்லை. தோட்டப் பாதையில் ஜீப்பை மாட்டிவைப்பது எது? இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே புல் முளைத்து நிற்கும் மேடும், அதில் துருத்தி நிற்கும் கல்லும். அந்தக் கல்லில் முட்டுவது பெரும்பாலும் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டு. அது ஸ்பிரிங்கில் தொங்குவதில்லை. சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிறது. நான்கு அங்குலம் அன்று, நாற்பது அங்குலம் உடலைத் தூக்கினாலும் அந்தக் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். விட்டம் இரண்டு அங்குலம் கூடிய டயர் போட்டால் அச்சு ஓர் அங்குலம் உயரும். அவ்வளவுதான்.

சரி, பெரிய டயரே போடுவோம் என்பீர்கள். நமது மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. அந்தப் பழைய லேண்ட் ரோவருக்கு நான்கு சக்கரத்திலும் இருப்பது டிரம் பிரேக். டயர் பெரிதாகப் பெரிதாக அதே பிரேக்கின் பிடி குறைகிறது. தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சின் தரும் தடையும் குறைகிறது. ஏற்றத்துக்கு வாங்கிய அழகு இறக்கத்தில் எமனாகிறது.

இரண்டாவது உண்மை: உயரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. உடல் உயர்ந்ததும் கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டின் கோணம் செங்குத்தாகிறது; அதன் மூட்டுகள் விரைவில் தேய்கின்றன. பிரேக் குழாய்கள் நீளம் போதாமல் இழுபடுகின்றன. ஸ்டியரிங் தண்டு சரிந்து, குழியில் விழும் ஒவ்வொரு முறையும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்து மாற்றுகிறவர் உண்டா? உண்டு, வெளிநாட்டில், பணமுள்ள பொழுதுபோக்குக்காரர். நமது ஊரில் நடப்பதோ, ஸ்பிரிங் தொங்கும் ஷெக்கிளை நீளமாக்குவது, அல்லது அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை செருகுவது. மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார்!

மூன்றாவதுதான் என்னை எழுத வைத்தது. இந்த வண்டியின் இரு சக்கரத் தடங்களுக்கு இடையிலான அகலம் சுமார் 51 அங்குலம். ஒரு மேசையின் அகலம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 30 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் ஏறத்தாழ 40 பாகை சரியும் வரை அது கவிழாது. மையத்தை மூன்று அங்குலம் உயர்த்துங்கள். 38 பாகைக்கு இறங்கிவிடும். இரண்டு பாகைதானே என்று சிரிக்க வேண்டாம். அது ஆளில்லாமல் அசையாமல் நிற்கும் வண்டியின் கணக்கு. கூரைக் கம்பியில் மூட்டை, பின்னால் பத்துப் பிள்ளைகள், மழையில் ஊறி இடியும் பாதையோரம், வளைவு: இவற்றைச் சேர்த்தால் அந்த இரண்டு பாகையில்தான் உயிர் ஊசலாடுகிறது.

பள்ளம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஊவாவுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13 ஆம் மைல்கல்லருகே பள்ளத்தில் வீழ்ந்தது. 2025 செப்டெம்பர் 4 அன்று எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அவை உயர்த்திய ஜீப்புகள் அல்ல என்பதை அறிவேன். ஆனால் தார் போட்ட பெருவீதியிலேயே தவறுக்கு மன்னிப்பில்லாத மலையில், தோட்டப் பாதையில் ஓடும் வண்டியின் தள்ளாட்டத்தை நாமே காசு கொடுத்து வாங்குவது எந்த விதத்தில் புத்தி?

பழைய வண்டிகளை ஏளனம் செய்பவன் அல்லன் நான். 1948 இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட லேண்ட் ரோவர், பண்ணை வேலைக்கென்றே செய்யப்பட்டது. வில்லிஸ் ஜீப்பின் உரிமம் பெற்று மிட்சுபிஷி 1998 வரை செய்த ஜீப்புகளும் இன்னும் நமது மலைகளில் ஓடுகின்றன. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலை தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாத தூரம். ஆகவே இந்தக் கிழட்டு வண்டிகள்தாம் நமக்குக் கதி. அதனால்தான் அவற்றை அலங்கோலப்படுத்தாதீர்கள் என்கிறேன்.

கையில் பணமிருந்தால் முதலில் பிரேக்கைப் புதுப்பியுங்கள். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றி, பட்டைகளுக்கு இடையிலுள்ள துருவை நீக்கி, தளர்ந்து தட்டையாகிப் போனவற்றை மாற்றுங்கள். புஷ்களையும் யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். தொழிற்சாலையில் இருந்த பழைய உயரம் திரும்ப வந்தாலே பாதி ஜீப்புகளுக்கு ஓரிரண்டு அங்குலம் 'லிஃப்ட்' தானாகக் கிடைத்துவிடும்! அதன்பின் நல்ல ஷொக் எப்சோபர், வண்டிக்குரிய அளவில் புதிய டயர். பாரம் தாங்கட்டும் என்று பட்டைமேல் பட்டை சேர்க்காதீர்கள். விறைத்த ஸ்பிரிங் குழியில் இறங்க மறுக்கும்; சக்கரம் அந்தரத்தில் சுழலும்; உள்ளே படுத்திருக்கும் கர்ப்பிணிக்கோ வைத்தியசாலை இன்னும் தூரமாகும்.

இனி அந்த இளைஞர் சொன்ன உண்மைக்கு வருகிறேன். "ரோட்டும் அப்படித்தானே கெடக்கு."

ஆம், அப்படித்தான் கிடக்கிறது. ஏன்? 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. பாதை யாருடையது என்று கேட்டால் சபை கம்பனியைக் காட்டும். கம்பனி அரசைக் காட்டும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடாதிருக்க வசதியான சாட்டாக இருந்தது. அந்தச் சபைகளுக்கு வாக்களித்தவர்களில் நமது மக்களும் இருந்தார்கள் என்பதே வேடிக்கை. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது, சாட்டும் போயிற்று. சில இடங்களில் கொங்கிரீட் விழுந்தது உண்மைதான். ஆனால் பிரதான வீதியிலிருந்து தொழிற்சாலை வரை, அங்கிருந்து பங்களா வரை வந்த கொங்கிரீட், லயத்துக்குத் திரும்பும் முடக்கில் நின்றுவிடுவதை எத்தனை தோட்டங்களில் பார்த்திருக்கிறேன்!

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து வீதிகள் அறுந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பாதையே இல்லாத இடத்தில் நான்கு அங்குலம் என்ன, பத்து அங்குலம் உயர்த்திய ஜீப்பும் வீட்டு வாசலில்தான் நின்றது.

ஒரு சமூகம் தனக்கு வரவேண்டிய பாதையைக் கேட்பதை விட்டுவிட்டு, பாதையின்மைக்கு ஏற்றபடி தன் வண்டியைத் தன் நகையை அடகு வைத்து உயர்த்திக்கொள்கிறது. அதைச் சாகசம் என்று படம் பிடித்துக் காட்டுகிறார்கள் வாரக் கடைசியில் வந்து போகிறவர்கள். அவர்களுக்குப் பள்ளமும் மேடும் விளையாட்டு. நமது பிள்ளைக்கோ அது பாடசாலைக்குப் போகும் வழி.

புறப்படும்போது அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் செய்து முடிங்க. மிச்சக் காசில் நகையை மீட்டுக்கொடுங்க. அப்புறம் உங்க தோட்டத்து ஆட்களிடம் கையெழுத்து வாங்கிப் பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதுங்க. எழுத நான் உதவுறேன்."

"யோசிக்கிறேன் சேர்" என்றார். யோசிக்கட்டும். மனுவின் முதல் வரியை நான் எழுதி வைத்துவிட்டேன்.