நாய்க்கும் தடிமன் வரும்

இம்முறை நாய் வரி பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தோம். அது கொஞ்சம் பொறுக்கட்டும். எங்கள் வீட்டில் நடந்த கதை முந்தி வரவேண்டியிருக்கிறது. எங்கள் சனத்தில் நாய் வளர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். ஊரில் முற்றத்தில் கிடந்து குரைத்த நாயைத்தான் எங்களுக்குத் தெரியும். அது இருமினால் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே நாலாம் மாடியில், பிள்ளைகளின் கட்டிலுக்குக் கீழே படுக்கிற நாயின் பாடு வேறு.

எங்கள் நாயின் பெயர் பாலு. மகன் கரடிப் படம் ஒன்றைப் பார்த்து வைத்த பெயர். பாரிசில் இருக்கும் சித்தப்பாவுக்கும் அதே பெயர் என்பதால் அவர் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவருடைய மகளின் கலியாணத்துக்குத்தான், பாலுவை 4 நாள் நாய் விடுதியில் விட்டுவிட்டுப் போனோம்.

ஞாயிறு இரவு கூட்டி வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. வியாழன் விடியப்புறம் ஒரு சத்தம் எழுப்பியது. வாத்துக் கத்துவது போல வறட்டு இருமல். இருமி முடிய ஓங்காளித்து வெள்ளை நுரை கக்கியது. கோழி எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் விரலை விட்டுத் தேடினோம். (நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம், கடி விழும்.) எலும்பு ஒன்றும் இல்லை. விடிந்ததும் வழமைபோலச் சாப்பிட்டு வாலை ஆட்டியது. ஒன்றுமில்லை என்று வேலைக்குப் போய்விட்டோம்.

கீழ்மாடியில் ஒரு ஜேர்மன் அம்மா தனிய இருக்கிறார். அகதி ஹைமிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம், வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதம் எது வந்தாலும் அவரிடம்தான் கொண்டு ஓடுவோம். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்து, பதிலும் எழுதித் தருவார். அவருடைய நாய்க்கு 13 வயது. வெள்ளி பின்னேரம் லிப்டுக்குள் இரண்டு நாயும் மூக்கோடு மூக்கு உரசின. பாலு அங்கேயே இருமியது. "தடிமனா?" என்று கேட்டார். "புல்லுத் தின்றுவிட்டது" என்று சொன்னோம். வீட்டுச் சொந்தக்காரர் காதுக்குப் போய்விடும் என்ற பயம்.

திங்கள் மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தோம். "மற்ற நாய்கள் இருக்கிற இடத்துக்குள் கொண்டு வராதீர்கள், வாசலில் நின்று மணி அடியுங்கள்" என்றார்கள். வைத்தியர் பாலுவின் தொண்டைக் குழாயை விரலால் மெதுவாக அமர்த்தினார். உடனே அதே வாத்துச் சத்தம். இதற்கு இங்கே 'ஸ்விங்கர்ஹூஸ்டன்' என்று பெயர். கனடா, லண்டன் வாசகர்கள் 'கெனல் கொவ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பல நாய்களை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் வருகிற இருமல். ஹைமில் 40 பேர் ஒரு குசினியில் சமைத்த காலத்தில் ஒருவருக்குத் தடிமன் என்றால் ஒரு கிழமையில் எல்லோருக்கும் வந்தது நினைவிருக்கும். அதே கணக்குத்தான்.

இது ஒரே கிருமியால் வருவதில்லை. பாரா இன்புளுவென்சா, அடினோ என்ற வைரசுகளும் போர்டெற்றெல்லா என்ற பக்டீரியாவும் தனித்தும் சேர்ந்தும் வேலை செய்யும். எங்கள் ஊர்க் குக்கலை உண்டாக்கும் கிருமிக்கு இந்த போர்டெற்றெல்லா ஒன்றுவிட்ட சகோதரம். நாய்களுக்கென்றே இன்புளுவென்சாவும் உண்டு. 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஓட்டப்பந்தய நாய்களுக்குக் குதிரைகளின் வைரசு தாவியது. 2015இல் சிக்காகோ பக்கம் பரவியது ஆசியாவிலிருந்து போன வேறொரு வகை.

கிருமி தொற்றி 2 தொடக்கம் 14 நாளுக்குள் இருமல் தொடங்கும். கழுத்துப் பட்டியை இழுத்தால், துள்ளி விளையாடினால் கூடும். நல்ல சுகதேகியான நாய் என்றால் 1 முதல் 3 கிழமைக்குள் பெரும்பாலும் தானாக மாறிவிடும். பாலுவுக்கு மருந்தே தரவில்லை. கழுத்துப் பட்டியைக் கழற்றி நெஞ்சுப் பட்டி போடச் சொன்னார்கள். சுடுதண்ணீர் திறந்த குளியலறையில் ஆவி பிடிக்கும்படி 10 நிமிடம் வைத்திருந்தோம். சாப்பாட்டுக் கோப்பையைத் தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். அம்மா தொலைபேசியில் மல்லித் தண்ணி கொடுக்கச் சொன்னார். கேட்டதோடு விட்டுவிட்டோம்.

ஒன்றை மாத்திரம் எழுத்துக் கூட்டி வாசியுங்கள். எங்கள் வீடுகளில் எதற்கும் பனடோல்தான். வைத்தியர் சொல்லாமல் நாய்க்கு அதைக் கொடுக்கவேண்டாம், ஈரல் பழுதாகும். இபுபுரோபென் அதைவிட மோசம், வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சீனியில்லாத இருமல் பாணி சிலவற்றில் சேர்க்கும் சைலிற்றோல் நாய்க்கு நஞ்சு.

வைத்தியர் கடைசியாக ஒன்று கேட்டார்: "வேறு எந்த நாயோடு சேர்ந்தது?" லிப்டில் நடந்ததைச் சொன்னோம். "இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்" என்றார். அன்று பின்னேரம் மணியடிக்கக் கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. புதன்கிழமை கீழ்மாடியில் இருமல் கேட்டது.

கிழட்டு நாய், குட்டி, சப்பை மூக்கு நாய் மூன்றுக்கும் இது லேசான நோயல்ல, நெஞ்சுக்கு இறங்கி நியூமோனியாவாகலாம். வியாழன் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினார். சனி இரவு அவரே மேலே வந்து தட்டினார். நாய் சாப்பிடவில்லை, எழும்பவில்லை. வைத்தியர் எங்களுக்குச் சொல்லித் தந்தபடி நெஞ்சு ஏறி இறங்குவதை 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினோம். நித்திரையில் 30க்குக் கீழே இருக்கவேண்டியது 52 வந்தது. 40க்கு மேலே போனாலோ, காய்ச்சல் 39.5 பாகையைத் தாண்டினாலோ, மூக்கால் மஞ்சள் பச்சையாகச் சளி வந்தாலோ, முரசு வெளிறி நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை இருக்கக்கூடாது. எங்கள் காரில் ஏற்றிக்கொண்டு அவசர வைத்தியசாலைக்கு ஓடினோம்.

ஜேர்மனியில் மிருக வைத்தியரின் கட்டணம் சட்டப்படி. அவசர நேரத்தில் 50 யூரோ மேலதிகம், வைத்தியச் செலவும் அடிப்படைக் கட்டணத்தின் 2 தொடக்கம் 4 மடங்கு. எக்ஸ்ரே, ஒட்சிசன், அன்ரிபயோற்றிக் எல்லாம் சேர எங்கள் ஒரு மாதச் சீட்டுக்காசைத் தாண்டியது. பாதியை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தக் கிழட்டு நாய் தப்பிவிட்டது, ஆனால் 5 கிழமை எடுத்தது. பாலுவின் இருமல் 12 நாளில் நின்றது. நின்றபின்னும் இரண்டு கிழமை மற்ற நாய்களோடு விடாமல், லிப்டைத் தவிர்த்துப் படியால் கொண்டுபோனோம். இருமல் நின்ற நாயும் கிருமியைப் பரப்பும். இப்போது வருடம் ஒருமுறை மூக்கில் விடுகிற தடுப்பு மருந்தும் போட்டாயிற்று. அது நோயை முற்றாகத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். கோடை விடுமுறைக்கு விடுதியில் விடப்போகிறவர்கள் குறைந்தது 3 கிழமைக்கு முன் போடுங்கள். கிருமியெதிர்ப்புக் குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால், அதை வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள்.

போன கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதம் ஒன்று வந்தது. இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டு கீழே போனோம். அவர் கதவைத் திறந்து, முதலில் பாலுவின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்து முடித்தபிறகுதான் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை எடுத்தார்.