வானத்திலிருந்து தூவிய மருந்து... வழக்குப் போட்டு நிறுத்திய மக்கள்!

‘‘வெளிநாட்டிலிருந்து வரும் பூச்சியை ஒழிக்க விமானத்தில் மருந்து தெளிப்பதை, ஊர்மக்கள் எதிர்த்து நிறுத்தியது எங்காவது உண்டா?’’

உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இளம்பழுப்பு ஆப்பிள் அந்துப்பூச்சி அங்கே வந்துவிட்டது 2007-ம் ஆண்டு உறுதியானது. இதன் புழு இலையைச் சுருட்டி, உள்ளே இருந்துகொண்டு தின்னும். பழத்தோலையும் சுரண்டும். ஆனால் சேதத்தைவிட, பிற நாடுகள் விளைபொருளை வாங்க மறுத்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் மான்டரே பகுதியிலும், நவம்பரில் சான்டா குரூஸ் பகுதியிலும் இரவு நேரத்தில் வீடுகளுக்கு மேலேயே விமானங்கள் பறந்தன. தெளித்தது பூச்சியைக் கொல்லும் நஞ்சு அல்ல. தமிழக விவசாயிகள் கத்தரித் தோட்டத்தில் கட்டும் இனக்கவர்ச்சிப் பொறியில் இருக்கிறதே, அந்த மாதிரியான வாசனைப் பொருள். பெண் பூச்சியின் வாசனை எங்கும் பரவினால், ஆண் பூச்சி ஜோடியைக் கண்டுபிடிக்க முடியாமல் அலையும், முட்டை குறையும். யோசனை நல்லதுதான். ஆனால், பொறிக்குள் வைப்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளில் அடைத்து மனிதர் தலைமேல் தூவுவது வேறு. மூச்சுத்திணறல், கண் எரிச்சல் என 600-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. தெளிப்புதான் காரணமா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது அரசுத் தரப்பு ஆய்வு.

மக்களைக் கொதிக்க வைத்தது இன்னொன்று. கரைசலில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பதை, வணிக ரகசியம் என்று மூடி வைத்திருந்தார்கள். ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் தலையிட்ட பிறகே பட்டியல் வெளியே வந்தது. பிள்ளைகள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று கேட்பது அப்படியொன்றும் பெரிய கோரிக்கை அல்ல!

நியூசிலாந்தில் இதே பூச்சி 100 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது, அங்கே ஒட்டுண்ணிகளின் துணையோடு சமாளிக்கிறார்கள் என்று எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ‘அவசரநிலை’ என்று சொல்லி, சுற்றுச்சூழல் ஆய்வே இல்லாமல் தெளித்ததை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். 2008 ஏப்ரலில், ஆய்வு முடியும்வரை தெளிக்கக் கூடாது என்று சான்டா குரூஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்து சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் தெளிக்கத் திட்டம் இருந்தது. ஜூன் மாதம் அரசே பின்வாங்கி, குடியிருப்புகளின் மேல் தெளிப்பதைக் கைவிட்டது. மலட்டு அந்துப்பூச்சிகளை வளர்த்துப் பறக்கவிடும் வழிக்கு மாறுவதாக அறிவித்தது.

பூச்சி ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. இன்றும் கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறது.