அணுவைப் பார்த்தவர்கள் உண்டு

மாணவர்களே, "அணுவை யாராலும் பார்க்க முடியாது" என்று நீங்கள் தேர்வில் எழுதியதுண்டா? கனகம்மாசத்திரத்தில் என்னிடம் ஐயம் கேட்க வரும் மாணவர் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெறுங்கண்ணால் என்றால் சரி. கருவியாலும் முடியாது என்றால், அது 1955-ஆம் ஆண்டிலேயே பொய்த்துப்போன கூற்று.

அவ்வாண்டு அக்டோபர் 11-ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் எர்வின் முல்லரும், அவரிடம் ஆராய்ச்சி செய்த இந்தியர் கன்வர் பகதூரும், குளிரூட்டிய டங்ஸ்டன் ஊசிமுனையின் அணுக்களைத் தனித்தனி ஒளிப்புள்ளிகளாகக் கண்டனர். இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்த ஊசியின் வழிவந்ததே 'ஆட்டம் புரோப்' என்னும் இன்றைய கருவி. ஆராய வேண்டிய பொருளை, தலைமுடித் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு முனையுள்ள ஊசியாக்குவார்கள். வெற்றிடத்தில், கடுங்குளிரில் வைத்து, சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தருவார்கள். லேசர் துடிப்புகள் முனையைக் கணநேரம் சூடாக்க, அணுக்கள் ஒவ்வொன்றாக அயனியாகிப் பறந்து எதிரிலுள்ள உணர்வியில் மோதும். திருத்தணி மலைப்படியில் வெறுங்கையர் முந்துவார், காவடி சுமப்பவர் பிந்துவார் அல்லவா? அதுபோல, மின்னூட்டம் சமமாயின் எடை குறைந்த அயனி முந்தும். பறந்த நேரம், அது எந்தத் தனிமம் என்று காட்டும். மோதிய இடம், ஊசியில் எங்கிருந்தது என்று காட்டும். இவ்விரண்டையும் கொண்டு கணிப்பொறி அணுக்களை மீண்டும் அடுக்கிவிடும். உலோகத்துக்கு மின்துடிப்பே போதும். மின்சாரத்தை எளிதில் கடத்தாத பொருள்களுக்கு லேசர் வேண்டும். ஒரு குறையும் உண்டு: எல்லா அணுக்களும் உணர்வியில் சிக்குவதில்லை.

இக்கருவி சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய ஆய்வு வசதியாக அமைந்துள்ளது. தொலைவிலுள்ள வேறு நிறுவனங்களும் தம் இடத்திலிருந்தே அதை இயக்க வழி செய்திருக்கிறார்கள். அப்படியானால், திருவள்ளூர் வழியே பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் நம் மாணவர்கள் மட்டும் அதைக் காணாதிருப்பது ஏன்?

விலையுயர்ந்த கருவி, சிறுவர்கள் கைபட்டால் கெடும் என்பர். கைபட வேண்டாம், கண்பட்டால் போதும். ஆண்டுக்கு ஒரு நாள், அக்டோபர் 11 அன்று, அக்கருவியின் திரை நம் பள்ளிகளிலும் தெரியட்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியைப் பார்க்கக் கேட்பது சலுகையன்று, உரிமை.

உங்கள் அறிவியல் ஆசிரியரைக் கலந்துகொண்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். தேர்வில் மட்டும் இனி, "வெறுங்கண்ணால்" என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள்.