ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளலாமா?



திருச்சி வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். மகள் குடும்பம் தென் ஆப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறதாம். ஜூலையில் கணவரோடு அங்கே போகிறார். கொஞ்ச நாள் டர்பன், பிறகு கேப்டவுன். “அங்கே அப்போது குளிர்காலம் என்கிறார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளலாமா, குடையும் வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அட்லஸைப் பிரித்தது தப்பாகப் போயிற்று. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது.

தென் ஆப்பிரிக்காவின் கடற்கரை ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். நமீபியா எல்லையில் ஆரஞ்சு ஆறு கடலில் கலக்குமிடத்தில் தொடங்கி, கண்டத்தின் அடியைச் சுற்றிக்கொண்டு, மொசாம்பிக் எல்லை வரை போகிறது. அடிமுனை என்றதும் பலருக்கும் நன்னம்பிக்கை முனைதான் ஞாபகம் வரும். ஆனால் அதற்குத் தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அகுல்ஹாஸ் முனைதான் ஆப்பிரிக்காவின் தென்கோடி. அட்லாண்டிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் பிரிக்கும் கோடும் அந்த முனையில்தான் தொடங்குகிறது. பாறைகளுக்கு நடுவே அதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆளுக்கொரு பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கடல் அந்தக் கோட்டைக் கண்டுகொள்வதில்லை. சூடான நீரும் குளிர்ந்த நீரும் முட்டிக்கொள்ளும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வரைபடத்தில் டர்பன் மேல் விரலை வைத்து நேர் மேற்கே இழுத்துப் பாருங்கள். மறுகரையில் போர்ட் நொல்லோத் என்ற சிறிய துறைமுக ஊருக்கு அருகே வந்து நிற்கும். இரண்டு ஊரும் தெற்கே 30 பாகையை ஒட்டியவை. வெயில் விழும் கோணம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. போர்ட் நொல்லோத்தில் 100 மில்லிமீட்டர்கூடத் தேறாது. டர்பன் பக்கம் வாழையும் மாவும் கரும்பும். இந்தப் பக்கம் மூடுபனியின் ஈரத்தை நக்கிப் பிழைக்கும் சதைப்பற்றுச் செடிகள்.

காரணம் கடலுக்குள் இருக்கிறது. கிழக்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் வெப்பமண்டலத்து வெதுவெதுப்பைக் கரையோரமாகவே தெற்கே கொண்டுவருகிறது. அசுர வேகம் அதற்கு. மேற்கே ஓடும் பெங்குவெலா நேர்மாறு. அங்கே தெற்கிலிருந்து கரையோரமாக வீசும் காற்று, பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து சில்லென்ற நீர் ஏறி வருகிறது. குளிர்ந்த நீர்மேல் படிந்த காற்று கனத்துப்போய் அப்படியே கிடக்கும். மேலே எழும்பினால்தானே மேகம் திரளும்? ஈரமெல்லாம் மூடுபனியாகத் தவழ்வதோடு சரி.

மழை இல்லாத கரை என்பதால் ஒன்றுமில்லாத கரை என்று நினைத்துவிட வேண்டாம். ஆழத்திலிருந்து வரும் அந்த நீர் சத்தை வாரிக்கொண்டு வருவதால் மத்தியும் நெத்திலியும் அங்கே கொழிக்கின்றன. அவற்றை நம்பிக் கடல்நாய்களும் பெங்குவின்களும் வாழ்கின்றன. கரையோரச் சரளையில் வைரம் வேறு. ஆரஞ்சு ஆறு உள்நாட்டிலிருந்து பல கோடி ஆண்டுகளாக அடித்துக்கொண்டு வந்து சேர்த்தது. போர்ட் நொல்லோத்தில் சின்னச் சின்னப் படகுகள் பருமனான குழாயை வாலாக இழுத்துக்கொண்டு நிற்கும். முக்குளிப்பவர் அந்தக் குழாயோடு அடியில் இறங்கி, பாறை இடுக்கிலுள்ள சரளையை உறிஞ்சி மேலே அனுப்புவார். அலை அடங்கி, பனியும் விலகினால்தான் வேலை. மற்ற நாளெல்லாம் படகைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார வேண்டியதுதான்.

கிழக்குக் கரைக்கு வருவோம். அது நம்மோடு சம்பந்தப்பட்ட கரை. உறைபனி விழாத, மழையும் வெதுவெதுப்பும் உள்ள அந்தக் கடலோரப் பட்டையில் ஆங்கிலேயர்கள் கரும்பு போட்டார்கள். வெட்ட ஆள் தேடினார்கள். மதராஸிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல், 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் மதராஸ் மாகாணத்துக்காரர்கள். தென் ஆப்பிரிக்கத் தமிழர்களில் மிகப் பலர் இன்றும் டர்பனைச் சுற்றியே இருப்பதற்கு அந்தச் சூடான நீரோட்டமும் ஒரு காரணம் என்பேன். கரும்பு வளராத கரையில் அந்தக் கப்பலுக்கு என்ன வேலை?

மழை கொடுக்கும் கரை சில நேரம் வாரிக்கொண்டும் போகும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் குடிசை போட்டிருந்த ஏழைகள்தான் அதிகம் பறிகொடுத்தார்கள்.

கடலோரத்தை விட்டு உள்ளே போனால் நிலம் படியேறுகிறது. டிராகன்ஸ்பர்க் மலைகள் 3,000 மீட்டரைத் தாண்டுகின்றன. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஜூலை இரவில் அங்கே புல் மேல் உறைபனி படியும்.

இனி கேப்டவுன். நாடு முழுக்கப் பெரும்பாலும் கோடையில், அதாவது நம் மார்கழி, தை மாதங்களில் மழை பெய்ய, இந்தத் தென்மேற்கு மூலை மட்டும் குளிர்காலத்தில் நனைகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அட்லாண்டிக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மழை வரும். கோடையில் தென்கிழக்குக் காற்று ஆளைத் தள்ளும். 1,085 மீட்டர் உயர மேசை மலையின் உச்சியில் வெள்ளை மேகம் விரிந்து ஓரங்களில் வழிந்து இறங்கும். உள்ளூர்க்காரர்கள் அதை மேசைவிரிப்பு என்பார்கள். அழகுதான், ஆனால் அதிலிருந்து அணைக்குத் தண்ணீர் வராது. 2015 முதல் மூன்று குளிர்காலங்கள் மழை பொய்த்ததில், 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. குழாய்களையே மூடிவிட்டு வரிசையில் நிற்கவைத்து 25 லிட்டர் கொடுக்கும் நாளுக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மக்கள் குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். சிக்கனம் கைகொடுத்தது, அந்த ஆண்டுக் குளிர்கால மழையும் வந்தது. அந்த நாள் வரவில்லை.

ஆகவே அம்மா, டர்பனுக்கு மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஜூலையில் பகல் 22, 23 டிகிரி, வானம் பளிச்சென்று இருக்கும், கடலில் இறங்கிக் குளிக்கவும் செய்யலாம். கேப்டவுனுக்குக் கனமான ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். குடையை நம்பாதீர்கள், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகும் நேரம் மத்தி வரும் காலம். தெற்கே குளிர்நீரில் வாழும் மத்தி, கிழக்குக் கரையை ஒட்டி நீர் கொஞ்சம் குளிரும் இந்த மாதங்களில், சூடான நீரோட்டத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட குறுகலான பட்டையில் கூட்டம் கூட்டமாக வடக்கே ஏறும். பின்னாலேயே டால்ஃபின், சுறா, திமிங்கலம், மேலே பறவைகள். குளிப்பவர்களின் பாதுகாப்புக்காகக் கரையோரம் போட்டிருக்கும் சுறாவலைகளை மத்தி வரும் தகவல் கிடைத்ததும் எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் டால்ஃபின்கள் மாட்டிக்கொள்ளும். டர்பனுக்குத் தெற்கேயுள்ள கடற்கரைகளில் கரைவலை இழுப்பார்கள். வலை கரையேறுமுன் ஜனங்கள் வாளியோடும் பையோடும், அதுவும் இல்லாதவர்கள் மடியை ஏந்திக்கொண்டும் தண்ணீருக்குள் பாய்வார்கள். சில ஆண்டுகளில் மத்தி ஏமாற்றிவிடுவதும் உண்டு. வந்தால், கண்ணால் பார்த்ததை எழுதி அனுப்புங்கள். டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் உறவு உள்ள மற்ற வாசகர்களும் அங்கத்து மழை, கடல், சமையல் பற்றி எழுதலாம். ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருந்தால் அடுத்தடுத்த இதழ்களில் இடம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்