144ஆவது இடம்: குவாட்டர்பேக்கை அளப்பவர்களை யார் அளப்பது?

2025 ஏப்ரல் 24ஆம் திகதி அமெரிக்காவின் கிரீன் பே நகரில் தொடங்கிய தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் தெரிவு மூன்று நாட்கள் நீடித்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் நாள் இரவிலேயே அழைக்கப்படுவார் என்று பல மாதங்களாகப் பேசப்பட்டு வந்தது. முதல் நாள் அவருடைய பெயர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், ஐந்தாவது சுற்றில், 144ஆவது ஆளாக கிளீவ்லண்ட் பிரவுண்ஸ் அணி அவரை எடுத்தது. அதே அணி அதற்கு முதல்நாள்தான் 94ஆவது இடத்தில் டிலன் கேப்ரியல் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்திருந்தது. சாண்டர்ஸுக்கு முன்னால் ஐந்து குவாட்டர்பேக்குகள் போய்விட்டார்கள்.

எமக்கு உதைபந்தாட்டம் என்றால் காலால் ஆடுவது. அமெரிக்கர்கள் அதே பெயரில் அழைப்பது வேறோர் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, 100 யார் நீளமான களத்தில், நான்கு முயற்சிகளுக்குள் 10 யாராவது முன்னேற வேண்டும். குவாட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்குபவர். தன்னை விழுத்த ஓடிவரும் பெரிய உடல்களுக்கு நடுவே நின்று, ஏறத்தாழ மூன்று விநாடிகளுக்குள் யாரிடம் எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். மற்றைய எல்லா இடங்களும் சரியாக இருந்தும் இந்த ஓரிடம் பிழைத்தால் அணி தோற்கும். அதனால்தான் 32 அணிகளும் ஒவ்வோர் ஏப்ரலிலும் இந்த ஓரிடத்துக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் தெரிவு. எந்த அணிக்குப் போவது என்பதில் வீரனுக்குச் சொல்லுரிமை கிடையாது.

சாண்டர்ஸ் ஏன் விழுந்தார் என்பதற்கு ஆட்டம் சார்ந்த காரணங்கள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு அவருக்காக வழக்காட நான் வரவில்லை. 2024 பருவத்தில் அவர் 4,134 யார் எறிந்து, எறிந்த பந்துகளில் 74 சதவீதத்தைத் தன் ஆட்களிடம் சேர்த்தார். 37 எறிதல்கள் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளியாகின. 10 மட்டுமே எதிரணியின் கைக்குப் போயின. ஆனால் பந்தை அளவுக்கு மீறி நேரம் கையில் வைத்திருப்பதும், நெருக்கடி வரும்போது பின்னோக்கி ஓடுவதும் அவருடைய பழக்கம். கொலராடோவில் ஆடிய இரண்டு பருவங்களில் 90 தடவைக்கு மேல் பந்துடன் விழுத்தப்பட்டார். காவல் வரிசை பலவீனமாக இருந்தது உண்மை. அவரும் அதற்கு ஒரு காரணம் என்பதும் உண்மை. எறியும் வேகமும் அசாதாரணமானது அல்ல.

இவை இரண்டாம் சுற்று வரை இறக்குவதற்குப் போதும். ஐந்தாம் சுற்றுக்கு இறக்கியது வேறு. தெரிவுக்கு முந்தைய வாரங்களில் பெயர் சொல்லாத பயிற்றுநர்களும் அணி அதிகாரிகளும் ஊடகங்களிடம் பேசினார்கள். நேர்காணலில் சரியாக நடந்துகொள்ளவில்லை, தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள். அவருடைய தந்தை டியோன் சாண்டர்ஸ் அந்த ஆட்டத்தின் மாபெரும் நட்சத்திரம், கொலராடோவில் மகனின் பயிற்றுநரும் அவரே. ஆகவே செல்லப்பிள்ளை என்ற முத்திரை ஒட்டுவதும் சுலபமாக இருந்தது. பெயரில்லாத ஒருவர் சொல்லும் ஒரு வசனம் ஒரு மனிதனின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் திருப்பும் என்பது எம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதலாவதாக எடுக்கப்பட்ட கேம் வார்டின் நான்காண்டு ஒப்பந்தம் சுமார் 48 மில்லியன் டொலர். சாண்டர்ஸினுடையது சுமார் 4.6 மில்லியன்.

இந்த முறைமையில் எதை அளக்கிறார்கள் என்று பாருங்கள். தெரிவுக்கு முன்னர் இண்டியானாபொலிஸ் நகரில் வீரர்களை வரிசையில் நிறுத்தி உயரம், நிறை, கையின் அகலம் எல்லாவற்றையும் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு வரை குறித்துக்கொள்கிறார்கள். 40 யார் ஓட விடுகிறார்கள். எதிராளி யாருமே இல்லாத மைதானத்தில் பந்தெறிய விடுகிறார்கள். 12 நிமிடங்களில் 50 கேள்விகள் கொண்ட ஒரு பொதுஅறிவுத்திறன் சோதனையும் பல்லாண்டுகள் இருந்தது. 2022இல்தான் அதைக் கைவிட்டார்கள். மறு ஆண்டே வேறொரு நிறுவனத்தின் அறிதிறன் சோதனையில் சி.ஜே. ஸ்ட்ரவுட் குறைந்த புள்ளி பெற்றார் என்ற தகவல் கசிந்தது. அவர் ஹூஸ்டன் அணிக்குப் போய் அந்தப் பருவத்திலேயே சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதை வாங்கினார். அவருக்கு முன்னால் முதலிடத்தில் எடுக்கப்பட்ட பிரைஸ் யங்கின் கரோலைனா அணி 17 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது.

அளவுகோல் எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. 1998இல் பெய்டன் மேனிங்கா, றயன் லீஃபா என்று அமெரிக்கா முழுவதும் விவாதித்தது. இண்டியானாபொலிஸ் அணியின் பொறுப்பாளர் பில் போலியன் மேனிங்கை எடுத்தார். அடுத்த இடத்தில் லீஃபை எடுத்த சான் டியேகோ அணிக்குக் கிடைத்தது பேரிழப்பு: அவருடைய முழுத் தொழில் வாழ்க்கையிலும் புள்ளியான எறிதல்கள் 14, எதிரணியிடம் பறிகொடுத்தவை 36. ஆகவே போலியனின் கண் கூர்மையானதுதான். ஆனால் அதே போலியன், 2018இல் தொலைக்காட்சி விமர்சகராக இருந்தபோது, லாமார் ஜக்சன் குவாட்டர்பேக்காக வேண்டாம், பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறட்டும் என்றார். ஜக்சன் 32ஆவது ஆளாகப் போனார். 2019இலும் 2023இலும் அந்தச் சங்கத்தின் மிகப் பெறுமதியான வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. தான் சொன்னது தவறு என்று போலியன் பின்னர் ஒப்புக்கொண்டார். இந்தத் தொழிலில் அது அபூர்வம்.

ஜக்சனிடம் சொல்லப்பட்டது புதிய வார்த்தை அல்ல. பல்கலைக்கழகத்தில் குவாட்டர்பேக்காக ஆடிய கறுப்பின இளைஞர்களை, தொழில்முறைக்கு வந்ததும் ஓடும் இடத்துக்கும் தடுக்கும் இடத்துக்கும் மாற்றுவது பல தசாப்த கால வழக்கம். சிந்திக்கவேண்டிய இடம் வெள்ளையருக்குரியது என்ற எண்ணம் எந்த அறிக்கையிலும் அப்படியே எழுதப்படுவதில்லை. தலைமைப் பண்பு, பக்குவம் என்ற சொற்களுக்குள் அது ஒளிந்திருக்கும். வாரன் மூன் 1978 ஜனவரியில் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தை ரோஸ் போல் போட்டியில் வெற்றிபெறச் செய்து ஆட்ட நாயகனாகவும் தெரிவானார். அவ்வருடத் தெரிவில் எந்த ஓர் அணியும் அவரை எடுக்கவில்லை. அவர் எல்லை தாண்டி கனடாவின் எட்மன்டன் அணிக்குப் போனார். அங்கே தொடர்ந்து ஐந்து முறை கிரே கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தார். இப்போது கனடாவில் வளரும் எமது பிள்ளைகள் அந்தக் கிண்ணத்தின் பெயரை அறிந்திருப்பார்கள். மூன் ஏன் அங்கு வந்தார் என்பதையும் அவர்கள் அறிவது நல்லது. 1984இல்தான் அமெரிக்கா அவரைத் திரும்ப அழைத்தது, அதுவும் அணிகள் போட்டி போட்டுக்கொண்டு. 2006இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவர். சுப்பர் போலில் இரு பக்கமும் கறுப்பினக் குவாட்டர்பேக்குகள் தொடக்க வீரர்களாக நிற்பதைப் பார்க்க 2023 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. வார்டும் ஸ்ட்ரவுட்டும் யங்கும் கறுப்பினத்தவர்களே. எனவே சாண்டர்ஸின் வீழ்ச்சி முழுவதையும் இனத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. என் பார்வையில் இன்று பெரிய கோளாறு வேறொன்று. அணிகள் பையனைத்தான் அளக்கின்றன, தம்மை அளப்பதில்லை.

2021ஐ எடுத்துக்கொள்வோம். முதல் 15 இடங்களுக்குள் ஐந்து குவாட்டர்பேக்குகள். மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களில் நால்வர் தம்மைத் தெரிவு செய்த அணிகளிலேயே இல்லை. அந்த நால்வரில் ஒருவர் ட்ரே லான்ஸ். அவரைப் பிடிப்பதற்காக சான் பிரான்சிஸ்கோ அணி மூன்று முதற்சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்தது; அவரோ அந்த அணிக்காகத் தொடக்க வீரராக ஆடியது நான்கே ஆட்டங்கள். மறு ஆண்டு, 262 பேரில் கடைசி ஆளாக, எவரும் பொருட்படுத்தாத இடத்தில் அதே அணி புரொக் பேர்டியை எடுத்தது. அவர் அணியை 2024 சுப்பர் போல் வரை கொண்டுபோனார். 2025இல் அவருக்கு 265 மில்லியன் டொலர் ஒப்பந்தம். பேர்டி ஆடியது சிறந்த பயிற்றுநரின் கீழ், வலுவான சகாக்களுடன். மூன்றாம் இடத்துப் பையனிடம் இல்லாத ஏதோ ஒன்று கடைசி ஆளிடம் இருந்தது உண்மைதான். ஆனால் நியூயோர்க் ஜெட்ஸ் போன்ற ஓர் அணிக்குப் போயிருந்தால் அது வெளியே தெரிந்திருக்குமா? 2018இல் ஜெட்ஸ் மூன்றாவதாக எடுத்த சாம் டார்னல்ட் மூன்றாண்டுகளில் தோற்றவர் என்று கைவிடப்பட்டார். அணி அணியாக அலைந்து, 2024இல் மினசோட்டாவில் 14 ஆட்டங்களை வென்று காட்டினார். கையின் அகலம் அதேதான். பட்ரிக் மகோம்ஸ்கூட 2017இல் 10ஆவது இடத்தில் வந்து, கன்சாஸ் சிட்டியில் அன்டி ரீட் என்ற பயிற்றுநரின் கீழ் முதல் வருடம் பெரும்பாலும் ஓரத்தில் இருந்து பார்த்துப் பழகியவர். அவருக்கு முன்னர், பல்கலைக்கழகத்தில் 13 ஆட்டங்களே தொடங்கியிருந்த மிச் ட்ரூபிஸ்கியை சிக்காகோ எடுத்துக்கொண்டு போய் முதல் பருவத்திலேயே களத்தில் இறக்கியது.

பிழைத்துப்போன தெரிவுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். தெரிவு செய்த அதிகாரி பெரும்பாலும் இன்னோர் அணியில் வேலை தேடிக்கொள்வார். 22 வயதுப் பையனின் நெற்றியில் எழுதியது அழிவதில்லை. லீஃபின் பெயர் இன்றும் தோல்விக்கு உதாரணமாகவே சொல்லப்படுகிறது. வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையாகி சிறை சென்று மீண்ட அவர், இப்போது அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்.

சாண்டர்ஸ் விடயத்துக்கு வருவோம். மாதக்கணக்கில் அவர் மூன்றாம் நான்காம் ஆளாகவே வைக்கப்பட்டிருந்தார். 2025 நவம்பரில் கேப்ரியல் தலையில் அடிபட்டு வெளியேறியபோது, முதன்மை அணியுடன் பயிற்சியே பெற்றிராத நிலையில் பாதி ஆட்டத்தில் களமிறக்கப்பட்டு மோசமாக ஆடினார். அடுத்த வாரம், ஒரு வாரப் பயிற்சியின் பின் முதல் தடவையாகத் தொடக்க வீரராக இறங்கி லாஸ் வேகாஸ் அணியை வென்றார். அதன் பின்னர் நல்லதும் கெட்டதுமாகக் கலந்தே ஆடினார். இரு தரப்பினரும் தத்தம் வாதத்துக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பருவம் முடிந்ததும் பயிற்றுநர் கெவின் ஸ்டெபான்ஸ்கியை கிளீவ்லண்ட் நீக்கியது. சாண்டர்ஸ் இனி அவரைத் தெரிவு செய்யாத ஒரு பயிற்றுநரின் முன்னால் மறுபடியும் முதலிலிருந்து அளக்கப்படுவார்.