எல்லாப் புண்ணுக்கும் ஒரே களிம்பா?

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு உடம்புதான் முதல். அந்த உடம்பின் மேல்தோலை நாம் எவ்வளவு அலட்சியமாக நடத்துகிறோம்!

தொடையிடுக்கில் அரிப்பு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தம் டியூபை நீட்டுகிறார். "எனக்கு இரண்டே நாளில் கேட்டது, நீயும் போடு" என்கிறார். நல்லெண்ணத்தோடு செய்யும் உதவிதான். ஆனால் அந்தக் களிம்பு அவருக்கு வந்த நோய்க்கு உரியது. உங்களுக்கு வந்தது வேறாக இருக்கலாம்.

தோட்டத்தில் தோலைத் தாக்கும் பகைவர் முக்கியமாக இருவர். ஒன்று காளான் இனம். பனியில் நனைந்த காற்சட்டை, ஈரம் காயாத பூட்ஸ், வியர்வை ஆகியவையே அதற்கு உரம். வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்துச் செதிளாகி, நடுவில் தெளிந்திருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து வெடிப்பதும் பெரும்பாலும் இதன் வேலையே. இதற்குக் குளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினஃபின் போன்ற மருந்துகள் உண்டு.

மற்றொன்று பாக்டீரியா கிருமி. கத்தி கீறிய இடத்திலும், கொசுக்கடியைச் சொறிந்த இடத்திலும் இது புகுகிறது. சீழும், தேன் நிறப் பொருக்கும், சூடும், வலியும் இதன் அடையாளம். இதற்குரியவை பியூசிடிக் ஆசிட், மியூபிரோசின் போன்றவை. இவற்றைப் படர்தாமரையில் தடவினால் பயனில்லை. வீணாகத் தடவத் தடவக் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுவதுதான் மிச்சம்.

இவ்விரண்டையும் விடக் கேடானது மூன்றாவது சரக்கு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சொல்கிறோம். தடவிய மறுநாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். தொழிலாளி மகிழ்கிறான். உள்ளே காளானோ தடையின்றி வளர்கிறது. நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாகக் கிளம்புகிறது. வட்ட வடிவமும் கலைந்து, வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. நாளடைவில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளக்கிறது. இரண்டு நாளில் கேட்டது என்ற பெருமைக்கு நாம் கொடுக்கும் விலை இது.

உண்மையான காளான் மருந்து மெதுவாகவே வேலை செய்யும். குளோட்ரிமசோலை இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல், படையின் ஓரத்துக்கு வெளியேயும் சிறிது தூரம் தடவ வேண்டும். அரிப்பு நின்றது என்று நடுவில் விடுவது, களையின் தலையைக் கிள்ளி வேரை விடுவதற்கு ஒப்பாகும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். டியூபின் முகப்பில் இருப்பது வியாபாரப் பெயர். மருந்தின் பெயர் சிறு எழுத்தில் இருக்கிறது. படிக்கத் தெரிந்த நீங்கள் அதைத் தொழிலாளிக்குப் படித்துச் சொல்லுங்கள். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தை வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

களிம்பை நம்பி இருக்கக் கூடாத வேளைகளும் உண்டு. தலையிலோ நகத்திலோ படை வந்தால் பெரும்பாலும் உட்கொள்ளும் மருந்து தேவை. காய்ச்சல் கண்டாலும், கால் வீங்கிச் சிவந்தாலும், நீரிழிவுக்காரருக்குக் காலில் புண் வந்தாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இரவில் வீட்டார் அனைவருக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு இந்தக் களிம்புகள் எதுவும் ஆகாது. வீடு முழுவதும் ஒரே நாளில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும்.

"வைத்தியரிடம் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே" என்பார்கள். போகக் கூடாது! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, நிர்வாகம் நியமித்த வைத்தியர் நிர்வாகச் செலவில் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால், சம்பளத்துடன் நோய் விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் தங்காத நோய்க்கு ஆண்டுக்கு, சேவை 2 ஆண்டுக்குக் குறைந்தால் 14 நாள். 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். அயல்நாட்டிலிருந்து வந்து நம்மோடு நிரை பிடிக்கும் தோழனுக்கும் இதே உரிமைதான். படர்தாமரை பாஸ்போர்ட் பார்த்துப் பற்றுவதில்லை.

ஆகவே கிளைச் செயலாளர்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை மூன்று: தோல் நோயைப் பார்த்துச் சொல்லத் தகுந்த வைத்தியர், வேலை முடிந்ததும் குளிக்கப் போதிய தண்ணீர், மாற்றிப் போட இரண்டாவது ஜோடி பூட்ஸ். மரத்தின் பட்டை கெட்டால் பதறும் நிர்வாகம், மனிதனின் தோல் கெட்டாலும் பதறட்டும்.